வளர்ச்சிக்கு ஐந்து

மாலை ஆறு மணிக்குள் படிவம் போயாக வேண்டும். கோமதிநாயகம் அதைப் போனில் திறந்து, சுவரில் அடித்திருந்த மரப்பலகையில் சாய்த்து வைத்திருந்தான். ஒரு தறியில் நூல் அறுந்தால் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து ஒரு கட்டத்தை நிரப்புவான். அதற்குள் அடுத்த தறி நின்றிருக்கும். நாற்பது வயதில் எட்டுத் தறி பார்க்கிறவனுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. நின்றுகொண்டு யோசித்தால் கால் வலிதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஒரு காலத்தில் அவன் கூடைப்பந்து ஆடினவன். இருபத்தெட்டு வயதில் கணுக்கால் போனதும் ஸ்கோர் மேஜைக்கு வந்துவிட்டான். பன்னிரண்டு வருடமாக சங்கரன்கோவிலைச் சுற்றி எங்கே போட்டி நடந்தாலும் ஸ்கோர் ஷீட் எழுதுவது அவன்தான். யார் எத்தனை போட்டான், எத்தனை விட்டான் என்று எழுதினதையெல்லாம் வீட்டுப் பரண்மேல் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறான். புதிதாக ஆரம்பித்த ஒரு லீக்கில் தென்மாவட்டங்களுக்கென்று ஓர் அணி சேர்த்தார்கள். அதன் மேலாளர் ரிஸ்வான் அகமது மதுரையிலிருந்து அவனுக்குப் போன் செய்தது அந்தக் கட்டுகளுக்காகத்தான்.

"பதினோரு பேர எடுத்தாச்சு சார். ஒரு இடம் பாக்கி. ரெண்டு பேர் இருக்காங்க, ரெண்டு பேரும் உங்க ஊர். சின்ன வயசுலேருந்து நீங்கதான் பாத்திருக்கீங்க. மார்க் போட்டு அனுப்புங்க. யாருக்குக் கூட வருதோ அவர எடுத்துக்குறோம்."

அந்த இரண்டு பேரில் ஒருவன் வாசிம். இருபத்திரண்டு வயது. சென்னையில் ஒரு கம்பெனி அணிக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆடினான். கார்த்திகையில் கம்பெனி அணியைக் கலைத்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். துபாயில் அவன் மாமா ஒரு சூப்பர் மார்க்கெட்டில் விசாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இந்த இடம் கிடைக்காவிட்டால் மாசி பிறப்பதற்குள் விமானம்.

மற்றவன் இசக்கித்துரை. பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு இடத்தில் சேர்ந்து கடைசி வருடம் படிக்கிறான். வாசிமைவிட மூன்று அங்குலம் உயரம்.

வாசிம் ஆட்டத்தில் வீண் அசைவு இருக்காது. பத்து ஃப்ரீ த்ரோ கொடுத்தால் எட்டு விழும். பந்து எங்கே வரும் என்று ஒரு நொடி முன்னாலேயே தெரிந்து அங்கே போய் நிற்பான். ஆனால் நாலாவது கால்பகுதியில் திரும்பி ஓடி வருவதற்குள் எதிராளி போட்டுவிடுவான். இசக்கித்துரைக்கு ஓட்டமும் உயரமும் இருந்தன. ரிங்கில் பட்டு வரும் பந்தில் பாதி அவன் கைக்குத்தான் வரும். இடது கை மட்டும் வராது. எதிராளி வலது பக்கத்தை அடைத்துவிட்டால் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். ஆறு வருடமாக அதைப் பார்க்கிற எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "வயசு இருக்குல்லா. வந்துரும்."

கோமதிநாயகமும் அதைத்தான் சொல்லியிருந்தான்.

படிவத்தில் பத்துக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். எறிவது, தடுப்பது, பந்து கொடுப்பது, பலமில்லாத கை என்று ஆட்டத்துக்கு எட்டுக் கட்டம். அதில் வாசிமுக்கு அறுபத்திரண்டு, இசக்கித்துரைக்கு ஐம்பத்து நாலு. ஒன்பதாவது கட்டம் வயது. இருபதுக்குக் கீழே என்றால் பத்து, இருபத்திரண்டு என்றால் மூன்று. அதைப் படிவமே போட்டுக்கொள்ளும். பத்தாவது, வளர்ச்சி. அது பார்க்கிறவன் கணிப்பு. வாசிமுக்கு ஐந்து போட்டான். இசக்கித்துரைக்கு ஒன்பது. கூட்டிப் பார்த்தால் வாசிம் எழுபது, இசக்கித்துரை எழுபத்து மூன்று.

தப்பாகத் தெரியவில்லை. இன்றைக்கு வாசிம்தான் மேல். மூன்று வருடம் கழித்து இசக்கித்துரை மேலே போய்விடுவான். லீக்காரர்களுக்கு வேண்டியது அதுதான். வயதுச் சான்றின் நகலை மட்டும் சேர்த்தால் படிவம் முடிந்தது.

நகல் தங்கத்தாயிடம் இருந்தது. தங்கத்தாய் இசக்கித்துரையின் அம்மா. அதே தறிக்கூடத்தில் வாசலோரம், தறிக்குப் போகிற குறுக்கு நூலைத் தார்க் கட்டையில் சுற்றுகிற மெஷினில் வேலை. பதினோரு மணிக்கு மஞ்சள் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

முப்பத்திரண்டு தறி ஓடுகிற கூடத்தில் காதை வைத்துப் பேச முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் பத்தடி தள்ளி நின்றுகூட உதட்டைப் படித்துவிடுவார்கள். இருந்தாலும் சந்தோஷமாக எதையாவது சொல்லும்போது எல்லோரும் கத்துவார்கள். எதிராளிக்குக் கேட்கட்டும் என்று இல்லை. சொல்கிறவர்களுக்கே தங்கள் குரல் கேட்க வேண்டியிருக்கும்.

கோமதிநாயகம் நகலைப் பார்த்தான். பள்ளிச் சான்று. பிறந்த தேதி 1.6.2005.

"இந்த ஓட்டம் எங்கேருந்துக்கா வந்தது உம்மவனுக்கு?" என்று கேட்டான். சும்மாதான் கேட்டான்.

தங்கத்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவனா? நடக்கும்போதே ஓடினவன். நாங்க பனவடலிசத்திரத்துலேருந்து செங்கச்சூளைக்குக் கல்லு அறுக்கப் போயிருந்தோம்லா. பச்சைக் கல்லைக் காயப் போட்டிருக்கு. இந்தப் பய அது மேல ஏறி இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஓடுதான். நாப்பது கல்லு போச்சு. மேஸ்திரி என்னைய ஏசுதான், இவன் நின்னு சிரிக்கான்."

"எப்ப?"

"சுனாமி வந்த அன்னைக்குத் தம்பி. ஞாயித்துக்கெழம. அதனாலதான் எனக்கு மறக்கல. மேஸ்திரி ரேடியோவுல கேட்டுட்டு ஓடி வந்து சொன்னான், கடலு ஊருக்குள்ள வந்துட்டுன்னு. அப்ப இவனுக்கு..."

அந்த இடத்தில் கரண்ட் போனது.

முப்பத்திரண்டு தறியும் ஒரே நேரத்தில் நின்றன. தங்கத்தாயின் தொண்டைக்கு அது தெரியவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே வைத்திருந்த அதே குரலில் மிச்சத்தையும் சொல்லி முடித்தாள்.

"...ரெண்டரை வயசு!"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் சொன்னதில் என்ன தப்பு என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. கத்திவிட்டோமே என்ற கூச்சம் மட்டும்தான்.

கோமதிநாயகம் கையிலிருந்த நகலை மறுபடி பார்த்தான். சுனாமி வந்தது 2004 டிசம்பர் கடைசி. இந்தக் காகிதத்தின்படி அன்றைக்கு இசக்கித்துரை பிறக்கவே இல்லை.

"என்னவே, பொறக்கதுக்கு முந்தியே கல்லு மேல ஓடிருக்கான் அந்தப் பய," என்று மூன்றாவது வரிசையிலிருந்து அவள் உதட்டைப் படித்திருந்த ஒருத்தன் சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள். இந்தக் கூடத்தில் லீக் விஷயம் ஒரு வாரமாக எல்லோருக்கும் தெரியும். யார் யாருக்குப் போட்டி என்றும் தெரியும். அதனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

கூடத்தின் நடுவில் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார் மம்மது. பழைய பாவின் நூல் முனையையும் புதுப் பாவின் முனையையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். ஒரு தறிக்கு மூவாயிரத்துச் சொச்சம் நூல். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு வேலை ஒன்றுதான். அவர் வாசிமின் வாப்பா.

அவர் தலையைத் தூக்கவில்லை. ஆனால் விரல் நின்றுவிட்டது.

"ரெண்டு பயலுவளையும் பாதி பாதியா வெட்டி ஒட்டி அனுப்பும்வே," என்றான் அதே மூன்றாவது வரிசைக்காரன். "நம்ம ஊரு சாமியே பாதி சிவன் பாதி பெருமாளாத்தான நிக்கி."

"சாமிக்கு மெடிக்கல் டெஸ்டு கிடையாது. போயி உன் தறியைப் பாரு," என்றான் கோமதிநாயகம்.

தங்கத்தாயை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனான். அவளுக்கு இப்போது விளங்கியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"இதென்னக்கா கணக்கு?"

"கணக்கென்ன தம்பி. சூளை சூளையாப் போனோம். இவனை எட்டு வயசுலதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எட்டு வயசுப் பயலை ஒண்ணாங்கிளாஸ்ல போட்டா மத்த புள்ளையெல்லாம் கேலி பண்ணும், அஞ்சுன்னு எழுதிக்கிடுதேன்னு சாரே எழுதினாரு. சூளைப் புள்ளைய எல்லாத்துக்குமே ஜூன் ஒண்ணுதான் போட்டாரு. எங்க கூட வந்த ஒம்பது புள்ளையளுக்கும் ஒரே பொறந்தநாளு."

"அவனுக்குத் தெரியுமா?"

"எதுக்குச் சொல்லணும்? மூணு வருசம் இளமை சும்மா கிடைச்சா யாரும் வேண்டாம்பாங்களா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "தம்பி, ஸ்போர்ட்ஸ் சீட்டுலதான் படிக்கான். ரெண்டு மாசத்துல கடைசிப் பரீச்சை. இதை நீங்க எழுதுனா பேப்பர் பேப்பராத் தோண்டுவாங்க. டிகிரியும் போயிரும். நான் கத்துனதுக்கு அவனைத் தண்டிச்சிராதிய."

கரண்ட் வந்தது. கூடம் மறுபடி அலற ஆரம்பித்தது. அவள் உள்ளே ஓடினாள். தார் மெஷின் நின்றால் எல்லாத் தறியும் நிற்கும்.

சாப்பாட்டு நேரத்தில் மம்மது அவனைத் தேடி வந்தார். ஐம்பத்தைந்து வயது. முதுகு பாவுக்குக் குனிந்தே பழகிவிட்டது. நடக்கும்போதும் எதையோ தேடுகிற மாதிரிதான் இருக்கும். தூக்குவாளியைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, மார்க் என்ன வந்திருக்கு?"

"எழுவது. எழுவத்தி மூணு."

"மூணுதான் கம்மி?"

"மூணுதான்."

அவர் ஒரு மாதிரித் தலையை ஆட்டினார். "வாசிமுக்கு அண்டர் சிக்ஸ்டீன் செலக்சன் வந்தது ஞாபகம் இருக்கா? மூணு மாசம் வயசு கூடிப் போச்சுன்னு வெளிய நிறுத்துனாங்க. ஆஸ்பத்திரியில பொறந்த புள்ளை. தேதி, நேரம், எடை எல்லாம் எழுதிருக்கு. அவன் உம்மா ரெண்டு நாள் சோறு திங்கல. நான் சொன்னேன், சட்டம்னா சட்டம், நசீபு அவ்வளவுதான்னு. அதே டீமுக்கு மூணு வருசம் கழிச்சு தங்கத்தாயி மவன் போனான். நான்தான் பஸ் ஸ்டாண்டுல போயி மாலை போட்டுட்டு வந்தேன்."

"தெரிஞ்சு பண்ணல பாய். அந்தப் பயலுக்கே தெரியாது."

"நானும் அவனைச் சொல்லலியே. சூளையில பொறந்தது அவன் தப்பா? ஆஸ்பத்திரியில பொறந்தது எம்மவன் தப்பா?" தூக்குவாளியைக் கையில் வைத்து உருட்டினார். "உள்ளதை எழுது தம்பி. கேக்கதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. தங்கத்தாயி மூஞ்சியில நான் எப்படி முழிக்கப் போறேன்னு தெரியல. இருந்தாலும் கேக்குதேன். துபாய்க்குப் போயிட்டான்னா அவன் பந்தைத் தொட மாட்டான்."

கோமதிநாயகம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோறு அப்படியே இருந்தது. அதைத் தின்ன வேண்டும், தின்னாவிட்டால் ஷிப்ட் முடிகிற வரை தாங்காது என்பதற்காகத் தின்றான்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினான். பழைய ஷீட் கட்டுகளை இறக்கி, இசக்கித்துரை ஆடின வருடங்களைப் பிரித்துப் பார்த்தான். இதுவரை அந்தப் பையனின் எண்களைப் பதிமூன்று வயது, பதினாலு வயது என்று நினைத்துக்கொண்டே படித்திருந்தான். அந்த வயதுக்கு அபாரமாக இருந்தது. இப்போது பதினாறு, பதினேழு என்று வைத்துப் படித்தான். சாதாரணமாக இருந்தது. கடைசி மூன்று வருடத்தில் எண்கள் நகரவே இல்லை. ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாயிண்ட், அதே எட்டு ரீபவுண்ட். வளர்கிற பையனின் ஷீட் இப்படி இருக்காது. கண்ணுக்கு முன்னால் இருந்ததைத்தான் அவனே எழுதியிருக்கிறான். வயதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது கண்ணில் படவில்லை.

ரிஸ்வான் அகமதுவுக்குப் போன் செய்தான்.

"வயசு எப்படி சார் பாக்கிறிய?"

"சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதான் சார். ஏன், டவுட்டா? டவுட்டுன்னா எழுத்துல குடுங்க. எலும்பு டெஸ்டுக்கு அனுப்பிருவோம். அவங்க காலேஜுக்கும் சங்கத்துக்கும் ஒரு லெட்டர் போட்டுருவோம். இப்பல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"டவுட்டெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றான் கோமதிநாயகம். போனை வைத்துவிட்டான்.

நாலரை மணிக்கு மைதானத்துக்குப் போனான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சிமெண்ட் தரை. சனிக்கிழமை என்பதால் இசக்கித்துரை கல்லூரியிலிருந்து வந்திருந்தான். தனியாக நின்று இடது கையால் போட்டுக்கொண்டிருந்தான். பந்து ரிங்கின் முன்பக்கத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது.

"வாங்கண்ணாச்சி. அனுப்பிட்டியளா?"

"இன்னும் இல்ல. இங்கன உக்காரு."

சுற்றி வளைத்துச் சொல்ல அவனுக்குத் தெரியாது. சூளையும் சுனாமியும் ஜூன் ஒன்றும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இசக்கித்துரை பந்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப எனக்கு இருவத்திரெண்டா?"

"ம்."

"வாசிம் அண்ணன் வயசா?"

"அதே வயசு. மாசம் முன்னப்பின்ன இருக்கும்."

சர்டிபிகேட்டைப் பற்றியோ கல்லூரியைப் பற்றியோ கேட்பான் என்று கோமதிநாயகம் நினைத்தான். அவன் கேட்டது வேறு.

"கோச் என்ன சொன்னாரு தெரியுமாண்ணாச்சி? உனக்கு இன்னும் மூணு வருசம் கிடக்கு, அவசரப்படாத, உடம்பு ஏறும், இடது கை தானா வரும்னாரு. நீங்களும் சொன்னிய."

"சொன்னேன்."

"நானும் அவசரப்படல." பந்தைத் தரையில் ஒரு முறை தட்டினான். "கூட ஆடுற பயலுவ ஜிம்முக்குப் போவானுவ. நான் போகல. எனக்குத்தான் வயசு இருக்கேன்னு படுத்துக் கெடந்தேன். அந்த மூணு வருசம் எப்பவோ முடிஞ்சிட்டா?"

கோமதிநாயகத்துக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. வாசிம் வந்து பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்தான். மம்மது சொல்லியிருக்கிறார் என்பது நடையிலேயே தெரிந்தது.

"ஏலே, ஆறு வருசமா அண்ணே அண்ணேன்னு கூப்ட்டு எங்கிட்ட எத்தனை ரோஸ்மில்க் வாங்கிக் குடிச்சிருப்ப? நீ என்ன விட மூத்தவனா இருந்தாலும் இருப்ப."

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

"உனக்குத் தெரியாது. உங்க அம்மைக்குத் தெரியும்லா? என்னைய வெளிய நிப்பாட்டுன டீம்ல நீ போயி ஆடுன. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நான் அதை வெட்டி ரூம்ல ஒட்டி வச்சேன். எங்க ஊருப் பய, சின்னப் பயன்னு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்? போட்டோவைத் திருப்பித் தரணுமா?"

வாசிம் அவன் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டான். பந்து உருண்டு வேலியோரம் போய் நின்றது. இரண்டு பேரும் அதை எடுக்கப் போகவில்லை. அடித்துக்கொள்வார்கள் என்று கோமதிநாயகம் எழுந்தான். ஆனால் வாசிம் திரும்பி அவனைப் பார்த்துத்தான் பேசினான்.

"அண்ணாச்சி, வயசு இருவத்திரெண்டுன்னு போடுங்க. நான் வேற எதுவும் கேக்கல. அவன் என்ன விட நல்லா ஆடினான்னா போகட்டும். இல்லாத மூணு வருசத்துக்கு நான் ஏன் துபாய்க்குப் போகணும்?"

"போட்டா அவன் படிப்பு போயிரும்."

"போடலன்னா என் ஆட்டம் போயிரும். அது உங்களுக்குப் பரவால்லையா?"

இசக்கித்துரை தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவரு சொல்லுதது சரிதான். ஆனா நான் எழுதுங்கன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. எங்க அம்மை தார் சுத்திதான் படிக்க வச்சிருக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க பாத்து என்னமும் செய்ங்க."

மணி ஐந்தே முக்கால். கோமதிநாயகம் மறுபடி சிமெண்ட் படியில் உட்கார்ந்தான். போனைத் திறந்தான். வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தான். படிவம் சிவப்பு எழுத்தில் நிரப்பச் சொன்னது.

சான்றில் இருந்த தேதியைப் போட்டான். நகலைச் சேர்த்தான். படிவம் தானாகப் பத்து மதிப்பெண் போட்டுக்கொண்டது.

"அண்ணாச்சி!" என்றான் வாசிம்.

"பொறு."

பத்தாவது கட்டத்துக்குப் போனான். வளர்ச்சிக்கு முன்பு போட்டிருந்த ஒன்பதை அழித்தான். அங்கே ஐந்து போட்டான். கீழே குறிப்பு எழுதச் சொல்லி ஓர் இடம் இருந்தது. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான்: மூன்று வருடமாக இவன் ஆட்டம் ஒரே இடத்தில் நிற்கிறது. ஷீட் பார்த்துத்தான் சொல்கிறேன். இனிமேல் பெரிதாக மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்றைக்கு ஆடுவதுதான் இவன் ஆட்டம். அதற்கு மேல் வாசிம் ஆடுகிறான்.

படித்துப் பார்த்தான். ஒவ்வொரு வரியும் உண்மைதான். அதற்கு மேலேயே ஒரு பொய்யும் இருந்தது. அதை அவன் அழிக்கவில்லை. சர்டிபிகேட் எழுதியது அவன் இல்லை. மார்க் போடுவது அவன்.

போனை இரண்டு பேருக்கும் காட்டினான்.

வாசிம் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தான். எழுபது, அறுபத்தொன்பது. தள்ளிப் போய்ப் பைக் பக்கத்தில் நின்றுகொண்டான்.

இசக்கித்துரை குறிப்பை முழுவதும் படித்தான். இரண்டு தடவை படித்தான். பிறகு மேலே தள்ளி எட்டுக் கட்டங்களையும் பார்த்தான்.

"இடது கைக்கு நாலுதானா?"

"நாலுதான்."

"அஞ்சு போட்டிருந்தா ரெண்டு பேரும் சமம். சமமா வந்தா வயசு கம்மியான ஆளை எடுப்பாங்க. காகிதத்துல அது நான்தான்."

"அதுக்காக அஞ்சு போட முடியாது."

"போன மாசம் கரிவலம்வந்தநல்லூர் மேட்சுல இடது கையில ரெண்டு போட்டேன். நீங்கதான் மேஜையில இருந்திய."

"ஒண்ணு நீ போட்ட. இன்னொண்ணு போர்டுல பட்டுத் தானா விழுந்தது."

"விழுந்துச்சுல்லா?"

"விழுந்தது. ஷீட்ல ரெண்டு பாயிண்ட் எழுதினேன். மார்க்ல எழுத மாட்டேன்."

இசக்கித்துரை போனைத் திருப்பிக் கொடுத்தான். குரல் சின்னதாக இருந்தது. "இருவத்திரெண்டுன்னு எழுதியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காதுண்ணாச்சி. இனிமே மாற மாட்டான்னு எழுதிட்டிய."

கோமதிநாயகம் ஐந்து ஐம்பத்தாறுக்குப் படிவத்தை அனுப்பினான்.

புதன்கிழமை வாசிமுக்கு அழைப்பு வந்தது. மறுநாள் மம்மது ஒரு பொட்டலம் பூந்தி வாங்கி வந்து கூடத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். தங்கத்தாயிடம் போகும்போது கொஞ்சம் தயங்கினார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும் பாய்," என்று அவள் உதடு அசைந்தது. வாயில் போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள். கோமதிநாயகத்திடம் அவள் அதற்குப் பிறகு தார் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. அவனும் பேச்சுக் கொடுக்கவில்லை. செய்தது சரி என்று அவளிடம் போய் நிரூபிக்க அவனுக்குத் தெம்பு இல்லை. அது சரிதான் என்று அவனுக்கே எல்லா நேரமும் தோன்றவும் இல்லை.

இரண்டு வாரம் இசக்கித்துரை மைதானத்துக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமதிநாயகத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் போன்.

"போலீஸ் செலக்சனுக்குப் போடுதேன் அண்ணாச்சி. விளையாட்டுக்கு மார்க் உண்டாம். எந்தெந்த மேட்ச், எந்த வருசம்னு கேக்குது. உங்க ஷீட்ல இருக்கும்லா?"

கோமதிநாயகம் பரணில் ஏறி ஷீட் கட்டுகளை இறக்கினான். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல, இசக்கித்துரை அடித்துக்கொண்டே வந்தான். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் அவன் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தான். தேதி அதே 1.6.2005 என்பதைக் கோமதிநாயகம் பார்த்தான். அடுத்த ஷீட்டை எடுத்தான்.

"வயசு வரம்பு தாண்ட இன்னும் நாள் கிடக்கு," என்றான் இசக்கித்துரை, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "எழுத்துத் தேர்வுல பாஸாகிருவேன். ஓட்டம்தான். கூட ஓடுறவனெல்லாம் நெசமாவே பத்தொம்போதா இருப்பான். தினமும் காலையில ஓடிப் பாக்கணும்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு. நாளையிலேருந்து."

"இன்னைக்கு ஏன் ஓடல?"

இசக்கித்துரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைச் சாயங்காலம் அடிக்கலாம் என்று சொல்லி எழுந்தான். வெயில் ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு, திருவேங்கடம் சாலைப் பக்கமாக ஓட ஆரம்பித்தான்.